பெயரை மறைத்துத் துயரைச் சொன்னவர்

தெமட்டகொடைச் சந்தியிலே பஸ் வண்டிக்குக் காத்து நின்றே எமது ஆயுளில் ஒரு பகுதி கழிந்துவிட்டது. ஒருபுறம் பேஸ்லைன் வீதியின் ஓயாத இரைச்சல். மறுபுறம் புகையிரத இயந்திரங்கள் தங்கும் கொட்டகையிலிருந்து எழும் பெருமூச்சு. இவற்றுக்கு நடுவே நின்று மனிதரைப் பார்த்துக்கொண்டிருப்பது எமக்குப் பழகிப்போன பொழுதுபோக்கு. சென்ற மாதம் ஒரு நாட்காலை முல்லேரியாவிலுள்ள நண்பர் ஒருவரைக் காண்பதற்காக அவ்வாறு நின்றபோது கண்ட காட்சியொன்று இன்னும் எம் மனத்தை விட்டு அகலவில்லை.

வண்டி வந்தது. கொண்டக்டர் வாசலில் தொங்கியபடி “அங்கொட, அங்கொட” என்று கூவினார். சந்தியில் நின்ற பள்ளிச் சிறுவர் இருவர் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்து, “உனக்குத்தான் வண்டி வந்திருக்கிறது, ஏறு” என்று சொல்லிச் சிரித்தனர். அச்சிரிப்புக்கு நடுவே ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழ்த் தாய் ஒருவர், இருபத்தைந்து வயதிருக்கும் மகனின் கையைப் பற்றிக்கொண்டு ஏறினார். மகன் நன்றாகத் தலைவாரி, வெள்ளைச் சட்டை அணிந்திருந்தான். அவனுடைய பார்வை மட்டும் எங்கேயோ தூரத்தில் தங்கியிருந்தது.

பக்கத்து ஆசனத்திலிருந்த பெண்மணி, தமிழ் முகம் கண்ட மகிழ்ச்சியில், “எங்கை அக்கா போறியள்?” என்று கேட்டார்.

“இங்கை, கொலன்னாவைக்குத்தான் பிள்ளை. சொந்தக்காரர் வீட்டுக்கு” என்றார் தாய்.

கொலன்னாவை வந்தது. அவர்கள் இறங்கவில்லை. கேள்வி கேட்ட பெண்மணிதான் இறங்கிச் சென்றார். கொத்தட்டுவையும் கடந்தது. அங்கொடையில், வண்டி முற்றாக நிற்பதற்கு முன்பே அந்தத் தாய் எழுந்து, முந்தானையால் முகத்தின் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு, மகனை அழைத்துக்கொண்டு இறங்கினார். எமது கண்களைச் சந்தித்தபோது குற்றம் செய்தவரைப்போலத் தலை குனிந்துகொண்டார். அவர் செய்த குற்றம் யாது? நோயுற்ற பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிச் சென்றது!

அங்கொடை என்னும் ஊர்ப்பெயரை இந்நாட்டு மக்கள் மூன்று மொழிகளிலும் வசைச் சொல்லாக்கிவிட்டனர். புத்தி பேதலித்தோருக்கென ஆங்கிலேய அரசினர் 1840களில் எமது அயலூராகிய பொரளையிலே ஒரு காப்பகம் கட்டினர். அங்கே இடம் போதாமற் போகவே, பின்னர் கறுவாத்தோட்டப் பகுதிக்கு அது மாறியது. அதுவும் நெருக்கடியாகி, 1920களில் அங்கொடையில் பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது. இப்பொழுது அதன் பெயர் தேசிய மனநல நிறுவகம். கட்டடங்கள் மாறின, பெயர்ப் பலகை மாறியது, வைத்திய முறைகளும் எவ்வளவோ மாறிவிட்டன. மாறாதது எமது நாக்கு ஒன்றுதான்.

வீடு திரும்பிய அன்றிரவு, நண்பர் இரவல் தந்திருந்த ஆங்கிலப் புத்தகமொன்றை எடுத்து வாசிக்கத் தொடங்கினோம். தற்செயல் என்று சொல்வதா, வேறெது என்று சொல்வதா, அறியோம். எழுதியவர் ஒரு மனநோய் வைத்திய நிபுணர். பெயர் அனிருத் காலா. இந்தியாவில் பஞ்சாப் மாநிலத்து லூதியானா நகரில் பல்லாண்டுகள் வைத்தியம் புரிந்தவர். மனநோயாளரின் உரிமைகளுக்காகக் குரல் கொடுத்தவர். இந்தியப் பஞ்சாபிலும் பாகிஸ்தான் பஞ்சாபிலும் உள்ள உளநல வைத்தியர்களை ஒரு சங்கத்தில் ஒன்று சேர்க்க உழைத்தவர். பகலெல்லாம் பிறர் துயரைக் கேட்ட இம்மனிதர், கதாசிரியராகவும் ஆனார். 2018ஆம் ஆண்டில் ‘அன்சேஃப் அசைலம்’ என்னும் பெயரில் ஒன்றோடொன்று தொடர்புடைய கதைகளின் தொகுதியையும், 2021இல் ‘டூ அண்ட் எ ஹாஃப் ரிவர்ஸ்’ என்னும் நாவலையும் வெளியிட்டார். முதலாவதைப் ‘பாதுகாப்பற்ற புகலிடம்’ என்றும், இரண்டாவதை ‘இரண்டரை ஆறுகள்’ என்றும் தமிழில் சொல்லலாம்.

வைத்தியர் கதை எழுதுவது புதுமையன்று. ருஷிய தேசத்துச் செக்கோவ் ஒரு வைத்தியர். நம் நாட்டிலேயே ‘நந்தி’ என்னும் புனைபெயரில் எழுதிய பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவம் கற்பித்தவர். தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ‘மலைக்கொழுந்து’ என்னும் நாவலாக்கியவர். ஆயினும் மனநோய் வைத்தியர் நாவலாசிரியராவதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஏனைய வைத்தியர் நாடியையும் நெஞ்சையும் பார்த்து நோயை அறிவர். மனநோய் வைத்தியருக்கோ நோயாளி சொல்லும் கதையே நாடி. வீட்டாரிடமும் சொல்லாததை, கோயிலிலும் வாய்விட்டுக் கூறாததை, அவரிடம் நம்பிச் சொல்கிறான் நோயாளி. அவ்வாறு கேட்டதை வெளியிடாதிருப்பது வைத்திய தருமம். உள்ளத்தில் தைத்ததைச் சொல்லாமல் இருக்க முடியாமை எழுத்தாளன் சுபாவம். ஒரே மனிதரிடத்தில் இவ்விரண்டும் கூடினால் என்ன ஆகும்?

இதற்கு விடை காண, காலா தம் கதைகளுக்கு ஆதாரமாகக் கொண்ட ஒரு சரித்திர நிகழ்ச்சியை வாசகர்கள் அறிதல் வேண்டும்.

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இந்தியா இரு நாடுகளாகப் பிரிந்தது. பஞ்சாப் மாகாணம் நடுவே பிளக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு எல்லை கடந்தனர். நிலத்தையும், இராணுவத்தையும், கந்தோர்களிலிருந்த மேசை நாற்காலிகளையும்கூட இரு அரசுகளும் பங்கு போட்டுக்கொண்டன. எல்லாம் முடிந்த பிறகு ஒரு கூட்டத்தார் எஞ்சியிருந்தமை நினைவுக்கு வந்தது. லாகூர் மனநோய் ஆஸ்பத்திரியில் இந்து, சீக்கிய நோயாளர் இருந்தனர். இந்தியப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் முஸ்லிம் நோயாளர் இருந்தனர். இவர்களையும் மதம் பார்த்து மாற்றிக்கொள்வதென இரு அரசுகளும் தீர்மானித்தன. 1950ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அது நடந்தேறியது. லாகூரிலிருந்து சுமார் 450 பேர் எல்லை கடந்து அமிர்தசரசுக்குக் கொண்டுவரப்பட்டனர். இங்கிருந்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே அனுப்பப்பட்டனர். ‘உன் ஊர் எது, எங்கே இருக்க விரும்புகிறாய்?’ என்று அவர்களிடம் கேட்பார் எவருமில்லை.

இந்நிகழ்ச்சியை முதன்முதலில் உலகறியச் செய்தவர் உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்டோ. குடிப்பழக்கத்தின் பொருட்டு லாகூர் ஆஸ்பத்திரியில் தாமே சிகிச்சை பெற்றவர் அவர். ‘டோபா டேக் சிங்’ என்ற அவருடைய சிறுகதை பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. தன் ஊர் எந்த நாட்டிலிருக்கிறது என்று எல்லாரிடமும் கேட்டு விடை பெறாத ஒரு சீக்கிய நோயாளி, இரு நாட்டு முட்கம்பி வேலிகளுக்கும் இடையே, எந்த நாட்டுக்கும் உரித்தற்ற மண்ணில் விழுந்து கிடப்பதோடு கதை முடிகிறது. 1955இல் மண்டோ மறைந்தார்.

மண்டோ நோயாளிகளின் கட்டிலிலிருந்து கண்ட உலகத்தை, அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் வைத்தியரின் நாற்காலியிலிருந்து கண்டு எழுதினார் காலா. ஒரே ஆஸ்பத்திரியில் உடன்பிறந்தாரைப்போல் வாழ்ந்த சீக்கியரும் முஸ்லிமுமாகிய இரு நண்பர் இந்த மாற்றத்தினாற் பிரிக்கப்படும் கதை அவருடைய தொகுதியில் வருகிறது. அவர் அத்தோடு நிற்கவில்லை. பிரிவினையை நேரிற் கண்டவர்களின் மக்களும் பேரரும், எக்காலத்திலோ நடந்ததற்காக, அரை நூற்றாண்டின் பின்னரும் உறக்கமின்றித் தவிப்பதைக் காட்டுகிறார். தகப்பன் சொல்லாது விழுங்கியது மகன் கனவில் வந்து நிற்கிறது. எல்லை கிழித்தது நிலத்தில் மட்டுமன்று என்பதை எந்தப் பிரசங்கமுமின்றி உணர்த்திவிடுகிறார்.

பஞ்சாப் என்றால் ஐந்து ஆறுகளின் நாடு. பிரிவினையில் ஆறுகளும் பங்கிடப்பட்டமையால் இந்தியப் பக்கத்துக்கு மிஞ்சியது இரண்டரை என்பது நாவலின் தலைப்பில் பொதிந்துள்ள கசப்பு. 1980களில் அம்மாநிலத்தைப் பிடித்தாட்டிய வன்முறையே அந்நாவலின் களம். ஒருபுறம் துப்பாக்கி ஏந்திய இளைஞர், மறுபுறம் காவற்படையினர், நடுவே சாமானியர். இக்கதையில் வரும் வைத்தியரே மனச்சோர்வு நோயால் வாடி ஆற்றங்கரையில் தனித்து வாழ்பவர் என்பது எம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. ‘நோய் உங்களுக்கு, அறிவு எனக்கு’ என்று மேலே இருந்து பேசுபவர் அல்லர் இவ்வாசிரியர். ‘நானும் உங்களில் ஒருவன்’ என்று கீழே வந்து பக்கத்தில் அமர்ந்துகொள்கிறார்.

1984ஆம் ஆண்டில் இந்திரா காந்தி அம்மையார் கொலையுண்டபின் டில்லித் தெருக்களில் சீக்கியர் வேட்டையாடப்பட்டனர். அதற்கு ஓராண்டுக்கு முன், 1983 ஜூலையில், எமது தெமட்டகொடையிலும் பொரளையிலும் நடந்தவற்றை வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகையினாலேதான் பஞ்சாபியர் ஒருவர் எழுதிய புத்தகம், கொழும்பில் இருந்து வாசிக்கும் தமிழனுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

மனநோய் வைத்தியர் எதற்காகக் கதை எழுதவேண்டும்? ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு குறிப்பேடு உண்டு. பெயர், வயது, மதம், தொழில். உறக்கம் எப்படி, பசி எப்படி, காதில் குரல் கேட்கிறதா, தற்கொலை எண்ணம் உண்டா. கொடுத்த மருந்து, அளவு. இவையெல்லாம் மிகவும் அவசியமானவை. இவையின்றிச் சிகிச்சையில்லை. ஆயினும், ‘இம்மனிதன் வாழ்ந்த தெருவில் எந்த மரம் நின்றது, அதை எரித்தவன் நேற்றுவரை இவனோடு பந்தாடியவனா’ என்று எழுதுவதற்கு அக்குறிப்பேட்டிலே இடமில்லை. நோயின் பெயர் அதில் அடங்கும். நோயாளியின் வாழ்வு அடங்காது. அடங்காமல் மீந்ததே கதையாகிறது.

இந்த இரட்டை வாழ்வை மிக அழகாக விளக்கியவர் ஜெர்மனியரான அல்பிரட் டோப்ளின். 1878இல் பிறந்த இவர், மனநோய் ஆஸ்பத்திரிகளில் பணி புரிந்து, பின்னர் பேர்லின் நகரின் கிழக்குப் பகுதியில் ஏழைத் தொழிலாளருக்கு நரம்பு நோய் வைத்தியரானார். 1928ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கை செய்தார். வைத்தியர் டோப்ளின், எழுத்தாளர் டோப்ளினைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். எழுத்தாளர் டோப்ளின், வைத்தியர் டோப்ளினைப் பற்றி மற்றொன்று எழுதினார். இருவரும் முன்பின் அறியாதவர்களைப்போல ஒருவரையொருவர் வேற்றுக்கண்ணால் அளந்தனர்! சிரிப்பதற்காக எழுதியதெனினும் அதனுள் உண்மை உண்டு. மறு ஆண்டு வெளிவந்த ‘பேர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்’ என்னும் நாவலின் இறுதியில், கதாநாயகன் பூக் மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். அவனுக்கு வந்த நோய் என்னவென்று வைத்தியர்கள் தம்முள் தர்க்கித்துக்கொண்டிருக்கையில், அவனோ தன் உள்ளுக்குள்ளே சாவோடு பேசிக்கொண்டிருக்கிறான். டோப்ளின் இளமையில் வேலை பார்த்த இடம் அதே பூக் ஆஸ்பத்திரி. வைத்தியராக நின்று கேளாத குரலை எழுத்தாளராக நின்று கேட்டார் போலும். 1933இல் ஹிட்லர் ஆட்சி வந்ததும் அவர் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. அவருடைய நூல்கள் தீயிலிடப்பட்டன.

போர்த்துக்கல் தேசத்தவரான அந்தோனியோ லோபோ அந்தூனஸ் இன்னொருவர். 1971 தொடக்கம் 1973 வரை அங்கோலாவில் நடந்த காலனித்துவப் போருக்கு இராணுவ வைத்தியராக அனுப்பப்பட்டவர். திரும்பி வந்து லிஸ்பன் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியொன்றில் பணியாற்றினார். போரில் கண்டதும் ஆஸ்பத்திரியில் கண்டதும் சேர்ந்து 1979, 1980ஆம் ஆண்டுகளில் மூன்று நாவல்களாயின. மூன்றாவதன் பெயர் ‘நரகத்தைப் பற்றிய அறிவு’. அதிலே அவர் நரகம் என்று குறிப்பது போர்க்களத்தை மட்டுமன்று, தாம் சம்பளம் பெற்ற ஆஸ்பத்திரியையுந்தான். தம் தொழிலையே கூண்டிலேற்றிக் கேள்வி கேட்ட துணிவு அது.

இனி, முன்பு கேட்ட கேள்விக்கு வருவோம். நோயாளி நம்பிச் சொன்னதை நாவலில் எழுதுவது துரோகமாகாதா?

ஆகும். பெயரோடும் ஊரோடும், அடையாளம் காணும்படி எழுதினால் அது துரோகமேயாகும். வைத்திய தருமம் மட்டுமல்ல, சட்டமும் அதைத் தடுக்கிறது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் இரகசியம் காக்கப்படுவதை அவனுடைய உரிமையென்றே எழுதி வைத்திருக்கிறது. ஆனபடியினால் நேர்மையான வைத்தியர் ஒருவர் கதை எழுதுகையில், நூறு பேரிடம் கேட்ட துயரைப் பிசைந்து, ஒருவருடையதுமல்லாத ஒரு முகத்தைப் படைக்கிறார். ஆளை மறைக்கிறார், துயரை மறைப்பதில்லை. வாசிக்கும் நோயாளி, ‘இது என் கதை’ என்று அஞ்சவேண்டியதில்லை. ‘என்னைப்போல் இன்னொருவனும் உண்டு’ என்று ஆறுதல் கொள்ளலாம்.

இவ்விடத்தில்தான் எமது நெஞ்சு எம்மைச் சுட்டது. ஏனெனில் நம் குடும்பங்களிலும் மறைத்தல் நடைபெறுகின்றது. ஆனால் நாம் மறைப்பது வேறு விதம். வைத்தியராகிய கதாசிரியர் பெயரை மறைத்துத் துயரைச் சொல்கிறார். நாமோ பெயரைக் காப்பாற்றுவதற்காகத் துயரை மறைக்கிறோம். துயரோடு சேர்த்து ஆளையும் மறைத்துவிடுகிறோம்.

எமக்கு ஒரு சித்தப்பா இருந்தார். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். தெமட்டகொடையில் ஓர் ஒழுங்கையில் வாடகை வீடு. அவருடைய கையெழுத்து அச்சுப் பதித்தாற்போல் இருக்கும். 1983 ஜூலை 25ஆம் தேதி, திங்கட்கிழமை, அவ்வீடு எரிந்தது. பின்வளவுச் சுவரால் ஏறி விழுந்த குடும்பத்தாரை, அயலிலிருந்த சிங்கள மூதாட்டி ஒருவர் தம் சமையலறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். பின்பு அகதி முகாம். அதன்பின் கப்பலில் காங்கேசன்துறை. ஈற்றில் வடமராட்சியிலுள்ள பூர்வீக வீடு. உயிர்ச்சேதம் ஒன்றுமில்லை. ‘கடவுள் காப்பாற்றினார், எல்லாம் முடிந்தது’ என்று எண்ணினோம்.

முடியவில்லை. சித்தப்பா மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தார். மாலை ஐந்து மணியானால் கதவு யன்னல்களைப் பூட்டிவிட்டு, கடுதாசியும் பேனையும் எடுத்து மேசையில் அமர்வார். எழுதுவது எப்பொழுதும் ஒன்றுதான்: எரிந்துபோன வீட்டிலிருந்த பொருள்களின் பட்டியல். அலுமாரி 1, தையல் இயந்திரம் 1, கதிரை 6, குத்துவிளக்கு 2 என்று வரிசையிட்டு, கீழே கோடு கிழித்துக் கையொப்பமிடுவார். மறுநாள் முதலிலிருந்து மீண்டும் தொடங்குவார். சித்தி அக்கடுதாசிகளை அடுப்பில் போட்டு எரித்தார். ‘பேய் பிடித்திருக்கிறது’ என்றார் ஒருவர். ‘செய்வினை’ என்றார் மற்றொருவர். நூல் கட்டினோம், நேர்த்தி வைத்தோம். வைத்தியரிடம் மட்டும் கூட்டிச் செல்லவில்லை. காரணம், அவருக்கு மணமாகாத மகள் ஒருத்தி இருந்தாள்.

பேச்சுக்கால் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தகப்பனாரை விசாரித்தனர். ‘அவர் கனடாவுக்குப் போய்விட்டார்’ என்று சொன்னவர் வேறு எவருமல்லர். இதை எழுதும் நாமே. கலியாண நாளன்று சித்தப்பாவை மூன்று மைல் தூரத்திலுள்ள உறவினர் வீட்டு அறையில் வைத்து வெளியே பூட்டினோம். மாலையில் உணவு கொண்டுபோனபோது, புதிய வேட்டி உடுத்தி, திருநீறு பூசி, கட்டிலில் அமர்ந்திருந்தார். பல மாதங்களுக்குப் பின் எம்மோடு பேசினார். “தம்பி, மேளச்சத்தம் கேக்கேல்லையே. இன்னும் தொடங்கேல்லையோ?” என்றார். அதற்கு நாம் சொன்ன விடையை இங்கே எழுத எமக்குத் துணிவில்லை.

அடுத்த ஆண்டுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றோம். அங்கிருந்த மனநோய் வைத்தியர் இளைஞர். அவர் எம்மிடம் நோய்க் குறிகளைக் கேட்டு எழுதியபின், சித்தப்பாவின் சட்டைப் பையில் மடித்திருந்த கடுதாசியைப் பார்த்து, “ஐயா, அதை நான் வாசிக்கலாமா?” என்று கேட்டார். வெளியே வரிசை நீண்டிருந்தது. இருந்தும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொறுமையாக வாசித்தார். வாசித்துவிட்டு, “இந்தத் தையல் இயந்திரத்திலை ஆர் ஐயா தைக்கிறது?” என்றார்.

சித்தப்பா விம்மி அழத் தொடங்கினார். அவருடைய காலஞ்சென்ற தாயார் அந்த இயந்திரத்தில் ஊராருக்குத் தைத்துக் கொடுத்தே அவரைப் படிக்க வைத்தார் என்பது அன்றுதான் எமக்கே தெரியவந்தது. நாம் எரித்த கடுதாசி ஒவ்வொன்றிலும் அவர் சொல்ல முயன்றது அதுதான். பொருட்பட்டியல் என்று நாம் கண்டதை, கதை என்று கண்டுகொண்டார் அந்த வைத்தியர்.

சித்தப்பா அன்றே குணமாகிவிட்டார் என்று சொன்னால் அது பொய். ஆண்டுக் கணக்காக மருந்து எடுத்தார். நல்ல நாட்களும் கெட்ட நாட்களும் வந்தன. ஆனால் பேரப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கினார். அந்த அழகிய கையெழுத்து இன்று அவர்களிடம் இருக்கிறது. மகளின் கலியாணத்தில் அவர் இல்லாத குறையை மட்டும் எவராலும் நிரப்ப முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு உண்மை தெரிந்தபோது, சம்பந்தி அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “இதுக்கு ஏன் ஒளிச்சனீங்கள்? எங்கடை வீட்டிலையும் ஒருத்தர் இருக்கிறார்.”

நம் மக்களின் போர்க்காலத் துயரை உளநல வைத்தியர் நிலையில் நின்று ஆராய்ந்து எழுதியவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். ‘முறிந்த பனை’ என்னும் நூலின் ஆசிரியர் நால்வருள் ஒருவர். 1998ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ யுத்தம் தமிழர் உள்ளத்தில் விளைத்த வடுக்களை விரிவாக ஆராய்கிறது. துயரம் ஒரு மனிதனை மட்டும் பற்றுவதன்று, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பற்றுவது என்பதை அவர் வற்புறுத்தி வந்திருக்கிறார். அது ஆராய்ச்சி, கற்றோர் படித்துப் பயன்பெறுவர். அதே உண்மையைக் குசினியில் இருக்கும் பெண்ணும், கடைத்திண்ணையில் இருக்கும் முதியவரும் உணரும்படி செய்யக் கதையால் முடியும். வைத்தியத்தோடு எழுத்து வல்லமையும் வாய்ந்த தமிழர், காலாவைப்போலத் தம் இரண்டாவது பேனையையும் கையில் எடுப்பாராயின், எத்தனையோ பூட்டிய அறைகள் திறக்கும்.

வைத்தியரே எல்லாம் செய்துவிடுவார் என்றும் இருக்கக்கூடாது. லாகூரிலிருந்து நோயாளர் வந்து சேர்ந்த அதே அமிர்தசரஸ் ஆஸ்பத்திரியில், 1950களில் வித்யாசாகர் என்ற வைத்தியர் தலைமை தாங்கினார். கட்டிலும் போதாது, ஊழியரும் போதாது. அவர் ஆஸ்பத்திரி வளவிலே கூடாரங்களை அடித்து, நோயாளியின் வீட்டாரை அங்கேயே வந்து கூடத் தங்குமாறு அழைத்தார். தாயும் தமையனும் மனைவியும் பக்கத்தில் இருந்து, நோய் இன்னதென்று கற்று, மருந்து கொடுக்கப் பழகி, தேறியவரைத் தம்மோடு வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். இன்று அந்த ஆஸ்பத்திரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தமிழகத்து வேலூரிலும், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல நிலையத்தில், உறவினர் ஒருவர் நோயாளியோடு உடன் தங்குவதை முறையாக வைத்தனர். மேல் நாட்டார் உயர்ந்த மதில் கட்டிப் பிரித்த இடத்தில், நம்மவர் கூடாரம் அடித்துச் சேர்த்தனர். பணத்தைவிட இதற்கு வேண்டியது மனம்.

ஆகவே, இதனை வாசிக்கும் தாய்மாரே, தந்தைமாரே! உங்கள் வீட்டில் ஒருவர் பல நாட்களாக உறங்காதிருந்தால், உண்ணாதிருந்தால், தனியே பேசினால், வாழ்வில் விருப்பமில்லை என்று சொன்னால், நூல் கட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். காய்ச்சல் வந்தால் எங்கே போவீர்களோ அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். மனநோய்ப் பிரிவு இன்று அங்கொடையில் மட்டுமன்றி, நாட்டின் பல பெரிய ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. உரிய வேளையில் மருந்தெடுத்துத் தேறித் தொழில் புரிவோர் நம்மிடையே பலர். அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாததற்குக் காரணம், நாம் சிரிப்போம் என்ற அச்சமே. அத்தோடு, நோயுற்றவர் சொல்வது பிதற்றல்போலத் தோன்றினாலும் சிறிது நேரம் செவி கொடுங்கள். அவர் எழுதும் கடுதாசியை அடுப்பில் இடாதீர்கள்.

அந்தப் பஸ் வண்டியில் கண்ட தாயை மீண்டும் காண்போமா, அறியோம். அன்று அவர் தலை குனிந்தபோது நாமும் பார்வையைத் திருப்பிக்கொண்டோம். அதுவும் ஒருவகை மறைத்தலே. இனியொருமுறை அவ்வாறு நேர்ந்தால், “அக்கா, பிள்ளையைக் கவனமாய்க் கூட்டிக்கொண்டு போங்கோ. கெதியாய்ச் சுகம் வரும்” என்று சொல்வதாக இருக்கிறோம். நேற்றும் சந்தியில் நின்றபோது கொண்டக்டர் “அங்கொட, அங்கொட” என்று கூவிக்கொண்டே போனார். வண்டி நிறைய மனிதர் இருந்தனர். அவர்களுள் யார் எங்கே இறங்கப் போகிறார் என்று நாம் ஆராயவில்லை. எல்லாரும் நலமாகத் திரும்பி வரவேண்டும் என்று மட்டும் எண்ணிக்கொண்டோம்.